கழிவுக் கூடைக்குப் போன மீன்

அன்று காலை அந்த முன்பள்ளியில் இருந்தவர்கள் பதினாறு பிள்ளைகள், ஓர் ஆசிரியை, வாசலில் நின்ற ஏழெட்டுத் தாய்மார், பிறகு நான். வரவேண்டியிருந்தும் வராதவர் ஒருவர்தான்: பல் சிகிச்சை செய்யும் அக்கா. அவருடைய சின்ன மகளுக்குக் காய்ச்சல். விடியவே தொலைபேசியில் கூப்பிட்டு, "நீர் போய் பிரஷ்களைக் குடுத்து, எப்படித் தீட்டுறது எண்டு மட்டும் காட்டிப்போட்டு வாரும். வாயை நான் வந்து பாக்கிறன்" என்றார். அவர் சொன்னதை மட்டும் செய்துவிட்டு வந்திருந்தால் இதை எழுதும் தேவை எனக்கு வந்திருக்காது.

இது நடந்தது சென்ற வருடம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கிய நாட்களில், யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான அனலைதீவில். ஊர்காவற்றுறையிலிருந்து படகில் போகவேண்டும். தீவுப்பகுதி முன்பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கும் ஒரு திட்டத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. என்னுடைய அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். அப்பாவுக்குக் கடல்தான் தொழில். எங்கள் வீட்டில் பரீட்சை எழுதித் தேறிய முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எந்த வேலையைத் தந்தாலும் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்து காட்டவேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது.

அப்படி நான் கூடுதலாகச் செய்து கொண்டுபோனது ஒரு மட்டைப் பலகை. அதில் இரண்டு கூடைகள் வரைந்திருந்தேன். மேலே நீலக் கூடை, கீழே மண்ணிறக் கூடை. வண்ணத் தாளில் பதினாறு மீன்களை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதியிருந்தேன். பல் சுத்தமாக இருக்கும் பிள்ளையின் மீன் நீலக் கூடைக்குப் போகும். கறுப்பு விழுந்த பல் இருந்தால் மீன் கீழே போகும்.

இந்த யோசனை எனக்கு வந்தது கரையிலிருந்துதான். படகு வந்து மீன் இறங்கியதும் முதல் வேலை தரம் பிரிப்பது. நல்ல மீன் ஐஸ் பெட்டிக்கு. நசிந்ததும் வயிறு வெடித்ததும் கழிவுக் கூடைக்கு. ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடம் போகுமுன் நான் செய்துவந்த வேலை அது. அந்தத் தீவுப் பிள்ளைகளும் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்து வளர்கிறவர்கள். விளக்கம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, பார்த்தவுடனே பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

பிடித்துக்கொண்டார்கள். நான் பலகையைச் சுவரில் சாத்தி முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பொடியன் கீழ்க் கூடையைக் காட்டி, "அது கழிவு!" என்று கத்தினான்.

"ஓம், கெட்டிக்காரன்" என்றேன்.

வாசலில் நின்ற தாய்மாருக்கும் பலகை பிடித்துவிட்டது. "சேர், முதல்ல உவளின்ர வாயைப் பாருங்கோ. வெத்திலை போட்டுப் போட்டு முன்பல்லு எந்த நிறமெண்டே தெரியாது" என்று ஒருத்தி பக்கத்தில் நின்றவளை முன்னே தள்ளினாள். "ஏனடி, என்னைக் கழிவில போட்டிட்டு நீ ஐஸ் பெட்டிக்க ஏறப்போறியோ?" என்று மற்றவள் திருப்பிக் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். இன்னொரு தாய் மட்டும், "அதெல்லாம் சரி சேர், குடிக்கவே நல்ல தண்ணியில்லாத ஊரில கொப்பளிக்கத் தண்ணிக்கு எங்க போறது?" என்று கேட்டார். குடிதண்ணீரைப் பிளாஸ்டிக் கானில் வாங்கி வைத்துப் பாவிக்கிற இடம் அது. நல்ல கேள்வி. பார்ப்போம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்து, ஒவ்வொரு வாயாகப் பார்க்கத் தொடங்கினேன். எனக்கு அதற்குப் பயிற்சி கிடையாது. செய்யவேண்டாம் என்றுகூடச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பலகை இருந்தது, மீன் இருந்தது, தாய்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பதினொரு மீன்கள் மேலே போயின. ஐந்து கீழே. அந்த ஐந்தில் ஒன்று நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்றினுடையது. அன்று காலை வணக்கப் பாட்டை முன்னால் நின்று எல்லோரையும்விட உரத்துப் பாடியவள் அவள்தான். கீழ்த்தாடையில், வலது பக்கக் கடைசியில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பற்களில் கறுத்த குழிகள் இருந்தன. மீனைக் கீழ்க் கூடையில் ஒட்டினேன். அவள் போகாமல் அங்கேயே நின்று பலகையைப் பார்த்தாள்.

"என்னை எறியிறதோ?"

"இல்லை. நல்லாப் பல்லுத் தீட்டினா உம்மட மீன் மேல போகும்."

"எப்ப?"

"கறுப்பெல்லாம் போன பிறகு."

இந்த ஒரு வசனத்தை நான் யோசிக்காமல் சொன்னேன். பல்லில் குழி விழுந்து கறுத்துவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் அது போகாது. வைத்தியரிடம் காட்டி அடைக்கத்தான் வேண்டும். இது எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்தபோது வைத்த இரண்டு நாள் வகுப்பில் இதைப் படித்துக் குறிப்பும் எழுதியிருந்தேன். என் கையிலிருந்த படிவத்தில் 'மேலதிக சிகிச்சை தேவை' என்று ஒரு நிரல் இருந்தது. அக்கா வந்து நிரப்பட்டும் என்று அதை வெறுமையாக விட்டேன். கடைசியில் பலகைக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி ஆசிரியை படம் எடுத்தார். நான் வழக்கம்போல உதட்டை மூடிச் சிரித்தேன். அந்தப் பிள்ளையின் தாய் அன்று வந்திருக்கவில்லை. வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றக் கரைக்குப் போயிருந்தார் என்று பிறகு அறிந்தேன்.

நான்கு வாரம் கழித்துத்தான் மறுபடி போகக் கிடைத்தது. இந்த முறை அக்காவும் வந்தார். பலகை சுவரில் அப்படியே இருந்தது. பிள்ளைகள் பதினைந்து பேர்தான். அந்தப் பிள்ளை இல்லை.

ஆசிரியை எங்களை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சேர் வந்துபோன நாளையில இருந்து உவள் பாடுறேல்லை. கேட்டாத் தலையை மட்டும் ஆட்டுவாள். சாப்பாட்டு நேரம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து சாப்பிடுவாள். கோவமாக்கும் எண்டு விட்டிட்டன். இப்ப மூண்டு நாளா வரேல்லை."

அக்கா பலகையைப் பார்த்தார். "உது ஆரின்ர யோசனை?"

"என்ர."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வீட்டைக் காட்டுங்கோ டீச்சர்" என்றார்.

வீடு கிட்டத்தான். பிள்ளை குசினி வாசலில் இருந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, தோல் மினுங்கிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். அக்கா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலும் இருந்தது. தாய் பதறிப்போய்ச் சொன்னார்: "முந்தநாள்தான் வீங்கினது. கூவைக்கட்டு வருத்தமெண்டு நினைச்சுக் கன்னத்தில மருந்துப் பத்துப் போட்டனான். நேற்றுத்தான் கண்டுபிடிச்சனான் மிஸ், இஞ்ச பாருங்கோ."

குசினிக்குப் பின்னால், அடுப்புச் சாம்பல் கொட்டுகிற இடத்தில் ஒரு சிரட்டை கிடந்தது. அதற்குள் சாம்பல். பக்கத்தில் சட்டி தேய்க்கிற தேங்காய்த் தும்பு ஒரு சின்ன உருண்டை. தும்பில் இரத்தம் காய்ந்திருந்தது.

விளக்கம் தேவைப்படவில்லை. அடிப்பிடித்துக் கறுத்த சட்டியைத் தாய் தினமும் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்ப்பார். தேய்த்தால் கறுப்புப் போகும். பிள்ளை அதைப் பார்த்திருக்கிறாள். கறுப்புப் போனால் மீன் மேலே போகும் என்று நான் சொல்லியிருந்தேன். தாய் கரைக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் பின்பக்கம் போய்ப் பல்லைத் தேய்த்திருக்கிறாள். பல்லைச் சுற்றியுள்ள முரசுச் சதை கிழிந்து, ஏற்கெனவே குழி விழுந்து சூத்தையாக இருந்த இடத்தில் சீழ் கட்டியிருக்கிறது. நொந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வாயைத் திறக்கச் சொல்வார்கள்.

தீவு ஆசுபத்திரியில் காய்ச்சல் மருந்தும் ஒரு கடிதமும் தந்தார்கள். இன்றைக்கே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார்கள். வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சுக்கு இடைஞ்சலாகும் என்று அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். தகப்பன் கடலில். தாயும் பிள்ளையும் அக்காவும் நானும் ஒரு மணிப் படகுக்கு ஓடினோம்.

படகுக்காரர் பிள்ளையை நன்றாகத் தெரிந்தவர். "என்னடி, கன்னத்துக்க ஒதுக்கி வச்சிருக்கிறாய்? தோடம்பழ இனிப்போ? எனக்கும் ஒண்டு தாவன்" என்றார். பிள்ளை தாயின் சேலைக்குள் முகத்தை வைத்தாள். "ஒரு மாசமா உவள் கதைக்கிறதே குறைவு அண்ணை" என்றார் தாய். "உவளோ? போன மாசம் படகில ஏறினா இஞ்சினைவிடச் சத்தமெல்லோ!" என்றுவிட்டு அவர் படகை எடுத்தார்.

கடல் நல்ல அடி. தண்ணீர் மேலே தெறித்துக்கொண்டேயிருந்தது. பாதி வழியில் அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார். "பல்லைப் பாக்கிறதுக்கு முதல் பிள்ளை வாயைத் திறக்கவேணும் தம்பி. எங்களுக்கு அதுதான் பெரிய வேலை. நீர் திறந்து கிடந்த வாயை மூடிப்போட்டு வந்திருக்கிறீர்." அவ்வளவுதான். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இளம் பெண் வைத்தியர் ஒருவர் பார்த்தார். "ஒருக்கா ஆ எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றார். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பொம்மை காட்டினார்கள். தாய் கெஞ்சினார், பிறகு அதட்டினார். அசையவில்லை. "பிடிச்சுத் திறக்கலாம்" என்றார் வைத்தியர். "ஆனா வீங்கின இடம், சரியா நோகும். பேந்து பல்லு வைத்தியரைக் கண்டாலே ஓடுவா. வெளியில கொஞ்ச நேரம் இருந்திட்டு வாங்கோ. பத்து நிமிசம். அதுக்கு மேல எனக்குப் பொறுக்க ஏலாது."

வெளியே சுவரோரம் கிடந்த நீள வாங்கில் இருந்தோம். பிள்ளை தாயின் மடியில். நான் பக்கத்தில்.

என் பற்களைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பத்து வயதுவரை எங்கள் வீட்டில் பிரஷ் இருக்கவில்லை. காலையில் ஒரு விரலில் உப்பு, இரவில் ஒன்றுமில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்போம். கடைவாய்ப் பக்கம் என் பற்கள் மூன்று கறுத்துக் குழி விழுந்தவை. பல்கலைக்கழகம் போன நாளிலிருந்து நான் உதட்டை மூடித்தான் சிரிக்கிறேன். பற்களைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் வேலையில் சேர்ந்த பிறகும் அதை அக்காவுக்குக்கூடக் காட்டியதில்லை.

அக்காவிடம் டோர்ச்சை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். வாங்கிலிருந்து இறங்கி அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு வாயைத் திறந்தேன். ஒன்றும் சொல்லவில்லை, வாயைத் திறந்துகொண்டு என்ன சொல்வது? ஆசுபத்திரி விறாந்தையில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

முதலில் அவள் பார்க்கவில்லை. பிறகு டோர்ச்சை அழுத்தினாள். வெளிச்சம் என் கண்ணில் பட்டது, மூக்கில் பட்டது, கடைசியில் வாய்க்குள் வந்தது. குனிந்து பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கடைவாயைப் பார்த்தாள்.

"மூண்டு" என்றாள், பல் திறக்காமல், உதட்டுக்குள். "அம்மா, பல்லு மாமாக்கு மூண்டு கறுப்பு."

"சும்மா இரடி" என்றார் தாய், வெட்கப்பட்டு.

"உங்கட மீன் எந்தக் கூடையில?"

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கென்று ஒரு மீன் வெட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவேயில்லை.

"எனக்கு நான் மீன் வெட்டேல்லை."

"ஏன்?"

யோசித்தால் பதில் ஒன்றுதான் இருந்தது. "காட்ட வெக்கமா இருந்தது."

"எனக்கும்" என்றாள்.

"நான் உமக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். கறுப்புத் தீட்டினாப் போகாது."

"சாம்பலிலயும் போகாது" என்று அவள் எனக்குச் சொன்னாள், எனக்குத் தெரியாத ஒன்றை அறிவிப்பதுபோல. பிறகு டோர்ச்சை என்னிடம் தந்துவிட்டு வாயைத் திறந்தாள். அக்கா உடனே அவளை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றைக்கே விடுதியில் வைத்து ஊசி மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் நாள் வீக்கம் குறைந்தது. நாலாம் நாள் இரண்டு பற்களையும் பிடுங்கினார்கள். ஒரு மாதம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஒன்றையாவது அடைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். "பால் பல்லுத்தானே, முளைக்குந்தானே?" என்று தாய் கேட்டார். "முளைக்கும். ஆறேழு வருசம் செல்லும். அதுவரைக்கும் அந்தப் பக்கத்தால சப்ப ஏலாது" என்றார் அக்கா.

விடுதி வாசலில் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பற்களை நான் அன்றைக்கே கண்டதையும், எழுதாமல் விட்டதையும், கூடை என்னுடைய வேலை என்பதையும். அவர், "நான் நண்டு வலையோட நிண்டனான். பிள்ளை பின்பக்கம் போறதைக் கண்டும் விளையாடுறாள் எண்டு விட்டனான். நீங்கள் மீன் வெட்டினீங்கள். ஆரைப் பேசிறது இப்ப?" என்றார். பிறகு, "பல்லுப் பிடுங்கினா ஐஸ்கிறீம் வாங்கித் தாறன் எண்டு சொல்லிப்போட்டன் தம்பி. அதுவும் கூடாதோ?" என்று கேட்டார். அதுவரை என்னை அவர் 'சேர்' என்றுதான் கூப்பிட்டிருந்தார். ஐஸ்கிறீமை நான்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை அந்த முன்பள்ளிக்குப் போனபோது கீழ்க் கூடையைக் கத்தரித்து எறிந்தேன். மீன்கள் எல்லாவற்றையும் ஒரே வலைக்குள் ஒட்டினோம். பதினேழாவது மீன் என்னுடையது. பிள்ளை திரும்பி வந்திருந்தாள். கறுப்புப் பேனையை எடுத்து என் மீனின் வாய்ப்பக்கம் மூன்று புள்ளிகளை அவளே வைத்தாள். ஒன்றைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

இப்போது அங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் பல் தீட்டுகிறார்கள். பயறளவு பற்பசை; டீச்சர் பக்கத்தில் நிற்பார். தண்ணீரைப் பற்றிக் கேட்ட தாய்க்கு அக்கா பதில் சொன்னார்: கொப்பளிக்கத் தேவையில்லை, துப்பினால் போதும், பற்பசையில் இருக்கிற மருந்து பல்லிலேயே நிற்கட்டும். "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே சேர்" என்று அந்தத் தாய் என்னைப் பார்த்தார். சொல்லியிருக்கலாம். போகிற நாட்களில் நானும் வரிசையில் நின்று தீட்டுகிறேன். என் மூன்று பற்களில் இரண்டை அடைத்தாயிற்று. மூன்றாவதற்கு நாள் எடுத்திருக்கிறேன். படத்துக்கு நிற்கும்போது பல் தெரியச் சிரிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுதாக வரவில்லை.

எந்தப் பிள்ளையின் முன்னாலும் இருந்து வாயைத் திறக்கச் சொல்லும்போது அந்த மண்ணிறக் கூடை எனக்கு நினைவு வரும். ஒரு காலை நேரத்து என் கெட்டித்தனத்துக்கு ஆன செலவை எத்தனை தரம் கூட்டிப் பார்த்தாலும் விடை ஒன்றுதான்: இரண்டு பற்கள், ஒரு பிள்ளை வாய் மூடியிருந்த இருபத்தெட்டு நாட்கள். எல்லாம் அவளிடமிருந்து போனவை; என் வாயிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை.